முதுகு காட்டி உட்கார்ந்தவள்

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் சுக்குப் பண்டகசாலைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் பேசுவார்கள். ரம்லத் அங்கே கடைசியாக எப்போது தும்மினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். கட்டிக்கொண்டு வந்த பரீத் அதே பண்டகசாலையில் அடுக்கிய மூட்டைகள் சரிந்து இறந்தபோது மகன் கபீர் அவள் இடுப்பில் இருந்தான். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுவாரம் வந்து சுக்கு வரிசையில் உட்கார்ந்தாள். உலகச் சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கொச்சி ராஜ்யம் போய்க் கேரளம் வந்தது. அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

நீளமான கூடம். ஓட்டுக் கூரையில் அங்கங்கே பதித்திருந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் தூண் தூணாக இறங்கும். பெண்கள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் உட்கார்ந்து, உலர்ந்த இஞ்சியைச் சாக்கில் தேய்த்துத் தோல் உதிர்ப்பார்கள், சுண்ணாம்பு நீரில் முக்குவார்கள், காய்ந்ததைத் தரம் பிரிப்பார்கள். கூடத்தின் கடைசியில், சுவரை ஒட்டி ஒரு பெரிய சல்லடை கயிற்றில் தொங்கும். அதை ஆட்டுகிறவர் எல்லோருக்கும் முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். பேச்சுத்துணை இல்லாத இடம். அதனால் பெண்கள் யாரும் அங்கே போவதில்லை. மூட்டைச் சுமடு எடுக்கும் கூலியாட்கள் யாராவது வந்து ஆட்டிவிட்டுப் போவார்கள்.

சுண்ணாம்பு தோலைத் தின்னும். சுக்கின் முனை கீறும். ரம்லத்தின் விரல் இடுக்குகளில் எப்போதும் சிவந்த வெடிப்புகள் இருந்தன. அதோடு வாதமும் சேர்ந்தது. ஐம்பத்தெட்டாம் வருடம் ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தபோது விரல் கணுக்கள் புடைத்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"கையப் பத்திரமா மடியில வச்சுக்கோக்கா" என்பாள் பக்கத்தில் உட்காரும் பேச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், வாய் ஓயாது. "மொதலாளி சேட்டு பாத்தான்னா அதையும் சுக்குன்னு எடை போட்டுருவான்."

ரம்லத்தும் சிரித்தாள். மூப்பன் சங்கிலிப்பாண்டி வந்து நின்றபோது சிரிப்பு நின்றது. வரிசைக்கு ஆள் வைப்பதும் எடுப்பதும் அவர்தான்.

"ரம்லத்து, உன் குவியல் நேத்தும் பாதிதான். நான் எத்தனை நாளைக்கு மறைக்கிறது?"

"மழ விட்டாச் சரியாயிரும் மூப்பரே."

"மழ விட ஆவணி ஆகும்" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

அன்று மாலை கபீர் துறைமுகத்திலிருந்து ஒரு குப்பி கொண்டுவந்தான். துறைமுகம் இருக்கும் ஐலண்டில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை அவனுக்கு. கப்பல் சமையற்கட்டில் பழக்கமான ஒருவன் கொடுத்ததாம். வெள்ளைக்காரக் கப்பல் மருந்து, மூட்டு வலிக்குத் தேய்ப்பது. கரும்பச்சைக் குப்பி, ஆறு பட்டை, உடம்பெல்லாம் வரிவரியாகப் புடைத்த கோடுகள். ஒட்டியிருந்த தாள் ஈரத்தில் ஊறி, ஒரு சிவப்புத் துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கபீர் ஒருவரிடம் கேட்டே வந்திருந்தான்.

"விஷமாம், வெளியில மட்டும் போடணுமாம். குடிச்சிராதீங்க உம்மா."

"தேய்க்கிற மருந்த எவ குடிப்பா?" என்றாள் ரம்லத்.

குப்பி கையில் நன்றாகப் பிடிபட்டது. விரல் மடங்காதவர்களுக்கு வழுக்காமல் இருக்கட்டும் என்று கோடு போட்டிருக்கிறான், வெள்ளைக்காரன் யோசனைக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

நாட்டு வைத்தியர் எண்ணெயில் காய்ச்சித் தரும் குழம்பும் தைலமும் கை காலில் எப்படிப் போடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தாள். ஆமணக்கு இலையை வாட்டி மேலே சுற்றினாள். துணியில் கல்லுப்பை முடிந்து, சட்டியில் சூடு காட்டி, பொறுக்கிற சூட்டில் ஒத்தி ஒத்தி எடுத்தாள். முழங்காலுக்கும் அப்படியே. கற்பூர வாசனையும், அதற்கடியில் தித்திப்பான இன்னொரு வாசனையும் வந்தன. முதலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு வலி, யாரோ கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனதுபோலப் போய்விட்டது.

அந்த வாரம் அவள் குவியல் பேச்சியின் குவியலைத் தாண்டியது. காலையும் மாலையும் மருந்து, இலை, ஒத்தடம். சங்கிலிப்பாண்டி பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போனார். விரல்கள் மரத்திருந்தன. குப்பியை எடுத்தால் அதன் கோடுகள் இப்போது தட்டுப்படவில்லை. அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. வாய் மட்டும் எந்நேரமும் வறண்டது. குடத்தண்ணீரைக் குடித்தாலும் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

ஒரு நாள் மத்தியானம், சாயா குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, சல்லடைக்குப் பக்கத்தில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"பேச்சி, கடைசியில யாரு? புதுசா வந்தவளா?"

"எங்கக்கா?"

"சல்லடகிட்ட. முதுகு தெரியுதே."

பேச்சி எட்டிப் பார்த்தாள். "அங்க சல்லடதான் தொங்குது. நீ பாத்தது அது பொண்டாட்டியா இருக்கும்."

வரிசை முழுதும் சிரித்தது. ரம்லத் குனிந்து சுக்கை எடுத்தாள். கையிலிருந்த சுக்கு மங்கலாகத் தெரிந்தது. தூரத்தில் அந்த முதுகு மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. ஈரத் தலைமுடி, பழுப்பு ரவிக்கை, அசையும் தோள்கள். சுக்குத் தேய்க்கிற அசைவு. ரம்லத் கையை நிறுத்தினாள். அந்தத் தோள்களும் நின்றன.

மறுநாள் அந்த முதுகுக்காரி சல்லடைக்கு அருகில் இல்லை. நாலைந்து ஆள் இடம் முன்னால், எதிர்வரிசையில், பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவளைத் தாண்டி ஒருவருக்கொருவர் வெற்றிலை நீட்டிக்கொண்டார்கள். அப்போதும் முதுகுதான். எதிர்வரிசையில் உட்கார்ந்தவள் முகம் இந்தப் பக்கம் இருக்க வேண்டும். அவளுக்கு இந்தப் பக்கமும் முதுகாக இருந்தது.

ரம்லத் யாரிடமும் சொல்லவில்லை. வாய்க்குள் ஓதிக்கொண்டு வேலை செய்தாள். அடுத்த நாள் இன்னும் அருகில். விறகு நனைந்துபோய் ஒத்தடம் கொடுக்க முடியாத ஒரு நாள், அவள் மறுபடியும் தூரத்தில் சல்லடையோரம் தெரிந்தாள். ஈர விறகுக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று அப்போது ரம்லத்துக்குத் தோன்றவில்லை.

பண்டகசாலை அடைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, மருமகள் லதீஃபா கொல்லையிலிருந்து வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக் கூடத்தின் நடுவில் ரம்லத் உட்கார்ந்திருந்தாள். வெறுந்தரையிலிருந்து எதையோ எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், இடப்பக்கம் போட்டாள். மறுபடி எடுத்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"மாமி, என்ன பொறுக்குறீங்க?"

"தாண்டி வராத. குவியல் சரிஞ்சிரும்."

"இங்க ஒண்ணும் இல்லயே மாமி."

"அவகிட்டச் சொல்லு. அவதான் கொட்டிக்கிட்டே இருக்கா" என்று எதிரே இருந்த சுவரைக் காட்டினாள் ரம்லத். பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். அப்போதுதான் லதீஃபா அலறினாள். மாமியின் வலது கண்ணில் கண்மணியைச் சுற்றிய பழுப்பே இல்லை. முழுக்கக் கறுப்பாக இருந்தது. இடது கண் எப்போதும்போல இருந்தது.

கறுத்த கண்ணைப் பார்க்கச் சந்து முழுதும் வந்தது. பேச்சி வந்தாள், பார்த்தாள், வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். பண்டகசாலையில் அவள் கண்டதைப் பற்றி வரிசைப் பெண்கள் சொன்னது அதோடு சேர்ந்துகொண்டது. மூட்டை சரிந்து மனுஷன் செத்த இடம், ஜின்னு குடியிருக்கிற இடம் என்றார்கள். சாயங்காலம் ரம்லத்துக்குத் தெளிவு வந்தபோது கபீர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"உம்மா, வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுக முடிஞ்சதும் வண்டி ஏறணும்."

"எங்க?"

"தெற்க."

அவன் ஊர்ப்பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து ஒருத்தியை, ஜின்னு பிடித்தவர்களைக் கொண்டுபோய் விடுகிற அந்தத் தர்காவுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள் என்று பேச்சு. திரும்பி வந்தபோது கணுக்காலில் கொலுசு போடும் இடத்தில் கறுத்த வளையம் இருந்தது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டாள்.

"என்னயக் கட்டிப் போடுவாங்க, கபீரே."

"நல்லதுக்குத்தான உம்மா." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எனக்கு வேற வழி தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. பைத்தியம் என்பது இப்படித்தான் வருமோ, வந்தவளுக்குத் தெரியாமலே வருமோ என்று அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் வலிக்கவில்லை. அந்த ஒரு நன்மையையாவது விடக் கூடாது என்று நினைத்தாள். அதனால் மருந்து நிற்கவில்லை.

புதன்கிழமை மாலையிலிருந்து லதீஃபாதான் தேய்த்துவிட்டாள். "நீங்க அடுப்புகிட்டப் போகக் கூடாது மாமி, எனக்குப் பேடியா இருக்கு" என்று பயந்து ஒத்தடத்தை நிறுத்திவிட்டாள். இலையும் சுற்றவில்லை. வியாழக்கிழமை காலையும் அப்படியே தேய்த்தாள். தைலம் தேய்த்த கையைக் கழுவினால் பலன் போய்விடும் என்று சொல்வார்களே, அதனால் முந்தானையில் துடைத்துக்கொண்டு மத்தி மீன் அரிந்தாள். செதில் விரலைக் கிழித்தது. உள்ளி உரித்ததில் கண் எரிந்தது, கசக்கிக்கொண்டாள். கப்பைக் கிழங்கும் மீனும் கையால் பிசைந்து சாப்பிட்டாள்.

மத்தியானம் ரம்லத் பாயில் படுத்திருந்தாள். தலை தெளிவாக இருந்தது. நாக்கில் ஈரம் இருந்தது. காலையிலிருந்து எந்த முதுகையும் அவள் பார்க்கவில்லை. சமையலறையில் முறம் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டல் நின்றது. பிறகு வெகுநேரம் சத்தமில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். லதீஃபா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். அரிசி முழுதும் தரையில் கிடந்தது. வெறும் முறத்தில் விரல்கள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"லதீஃபா."

"மிண்டாம, பேசாம இருங்க மாமி" என்றாள் அவள் மெதுவாக. "அம்மிகிட்ட உக்காந்திருக்கா. உங்கள விட்டுட்டு இங்க வந்துட்டா."

ரம்லத் அம்மியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தான் கண்ட அத்தனை நாளிலும் வராத பயம் அப்போது வந்தது.

"முதுகு காட்டிக்கிட்டா?"

"இல்ல. திரும்பிட்டா." லதீஃபாவின் உதடுகள் வறண்டு ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. "உங்க மொகம் மாமி."

ரம்லத் குனிந்து அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது கண் முழுக்கக் கறுப்பு.

ஓடிப்போய்ச் சந்து முழுவதையும் கூட்டியிருக்கலாம். கூட்டியிருந்தால் தெற்கே இரண்டு பேர் போயிருப்பார்கள். ரம்லத் அங்கேயே உட்கார்ந்தாள். ஒரு மூட்டை கெட்டுப்போனால் பண்டகசாலையில் என்ன செய்வார்கள்? எந்தக் குவியலோடு அது தொட்டுக்கொண்டிருந்தது என்று பார்ப்பார்கள். அவளும் பார்த்தாள். ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே சட்டிச் சோறு, ஒரே கூரை. கபீருக்கு ஒன்றும் இல்லை. பண்டகசாலை ஜின்னு என்றால் லதீஃபா அந்தப் படியை மிதித்ததே இல்லை. நேற்று வரைக்கும் இல்லாதது இன்றைக்கு இவளுக்கு எதில் ஒட்டியது? மருமகளின் கையைப் பிடித்து முகர்ந்தாள். மீன் வாடைக்கு அடியில் கற்பூரமும் அந்தத் தித்திப்பும் இருந்தன.

ஒத்தடம் இல்லாத அன்று அந்த முதுகுக்காரி தூரத்தில் போய் உட்கார்ந்தது ரம்லத்துக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

லதீஃபாவின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தன் கைகளையும் முழங்காலையும் கழுவினாள். குப்பியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மருமகளைப் பிடித்து நடத்திக்கொண்டு, மழையில் அரண்மனைச் சாலைக்குப் போனாள். அங்கே டாக்டர் திரிபுரசுந்தரியின் வைத்தியசாலை இருந்தது. வழியெல்லாம் லதீஃபா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருக்கோ இடம் விட்டு நடந்தாள்.

டாக்டர் முதலில் லதீஃபாவைப் படுக்க வைத்து நாடி பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார். பிறகு ரம்லத்தின் கண்ணிலும் அடித்தார். துணியிலிருந்து குப்பி வெளியே வந்ததும் அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார்.

"இந்தக் கோடு எதுக்குன்னு நினைச்சீங்க?"

"வழுக்காம இருக்க."

"இருட்டுல கை வைக்கிறவங்களுக்கு எச்சரிக்கை. இது விஷம், வேற குப்பின்னு நினைச்சு எடுத்துராதேன்னு விரலுக்குச் சொல்றது." மூடியைத் திறந்து தூரத்திலிருந்தே முகர்ந்தார். "பெல்லடோனான்னு ஒரு செடியோட சாறு இதுல இருக்கு. கூட இன்னொரு விஷ வேரும் இருக்கும், அதான் மரமரப்பு. மூட்டு வலி மருந்துதான், பொய்யில்ல. எப்படிப் போட்டீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

ரம்லத் சொன்னாள். உள்ளங்கை நிறைய என்றதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். ஆமணக்கு இலை என்றதும் பேனாவை மூடினார். உப்பு ஒத்தடம் என்றதும் எழுந்து வந்து அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க கையில தோலே இல்லயேம்மா. இது சில சொட்டு, அதுவும் கீறல் இல்லாத தோல்மேல போடறது. மூடக் கூடாது, சூடு காட்டக் கூடாது, போட்டதும் கையக் கழுவணும், கண்ணுகிட்டக் கொண்டுபோகக் கூடாது. நீங்க வெடிப்புக்குள்ள ஊத்தி, மேல மூடி, ஒத்தடம் வச்சு ரத்தத்துக்குள்ள அனுப்பியிருக்கீங்க. குடிச்ச மாதிரிதான்."

"எங்க குழம்பு அப்படித்தான போடுவோம்."

"குழம்பு அப்படிப் போடலாம். இது குழம்பு இல்ல."

"அப்ப அவ?" என்று கேட்டாள் ரம்லத். "நான் பாத்தவ?"

"மருந்து காட்டினது. வாய் வறட்சி, மருந்துக் கையால கசக்கின கண்ணுல பாப்பா விரியறது, இல்லாதது தெரியறது எல்லாம் ஒரே கணக்கு."

"ரெண்டு பேருக்கும் ஒருத்தியேவா?"

டாக்டர் லதீஃபா பக்கம் திரும்பினார். "நீங்க இவகிட்டச் சொல்லியிருப்பீங்க. சொன்னதத்தான் இவ கண்டிருப்பா" என்றார். அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பற்றி ரம்லத் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவளே பார்த்ததில்லை.

டாக்டர் குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேறொரு களிம்பு கொடுத்தார். அதற்கும் அதே விதிகள்தான். முழங்காலுக்கு மட்டும், பட்டாணி அளவு, மூடாமல், சூடில்லாமல், பிறகு கை கழுவி. விரல்களுக்குப் புண் முழுதாக ஆறின பிறகுதான்.

"சுண்ணாம்புல கை வச்சா ஆறாது" என்றார்.

கபீர் வந்தபோது லதீஃபா பெஞ்சில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டான். நாளைய வண்டிக்கு வாங்கிய டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

"நான்தான கொண்டாந்தேன் உம்மா."

"நீ குப்பிதான் கொண்டாந்த. ஒத்தடம் நான் கொடுத்தது." அவள் டிக்கெட்டைப் பிடுங்கவில்லை. "சரி, திங்கக்கிழம வரைக்கும் என்னயப் பாரு. அப்பவும் நான் தரையில பொறுக்கினா, நானே வண்டி ஏறுறேன்."

வெள்ளிக்கிழமை வண்டி அவர்கள் இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமைக்குள் இருவர் கண்ணும் பழையபடி ஆயின. முதுகு எங்கேயும் தெரியவில்லை. வலி திரும்பி வந்தது, விட்டதற்கும் சேர்த்து.

வேலைக்குப் போன அன்று ரம்லத் வரிசையில் உட்காரவில்லை. சங்கிலிப்பாண்டி முன்னால் போய் நின்றாள்.

"மூப்பரே, சுண்ணாம்பு எனக்கு ஆகாது. விரல மடக்க வேண்டாத வேல எதாச்சும் கொடுங்க."

அவர் கூடத்தை ஒரு முறை பார்த்தார். "சல்லட இருக்கு. முழங்கையாலயே தள்ளலாம். பேச்சுத்துணை கிடையாது, சம்மதமா?"

கடைசியில் தொங்கிய சல்லடையை அவள் பார்த்தாள். வேறு இடம் கேட்க வாயெடுத்தாள். வேறு இடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"சம்மதம்" என்றாள்.

ஆவணியில் விரல் வெடிப்புகள் மூடின. கணுக்களில் களிம்பைத் தொட்டுத் தடவிக்கொள்ள ஆரம்பித்தாள். கை கழுவிய பிறகே எதையும் தொட்டாள். சல்லடை ஆடியது. மேலே தங்கியது முழுச் சுக்கு, கீழே விழுந்தது தூளும் துண்டும். அந்த வேலையிலேயே பிறகு பல வருடம் இருந்தாள். கபீரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும் இருந்தாள்.

அந்த முதல் மழைக்காலத்தின் கடைசியில் ஒரு மத்தியானம், குளித்த தலை காயாமல் பழுப்பு ரவிக்கையோடு உட்கார்ந்து சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் அன்றுதான் வேலைக்கு வந்த ஒரு பெண் தும்முவது கேட்டது. பிறகு அவள் பேச்சியிடம் கேட்டாள்.

"அக்கா, கடைசியில ஒருத்தி முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே, யாரது?"

ரம்லத் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி. பேச்சிக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். கூடம் முழுதும் சுக்குத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது நம்ம ரம்லத்தக்கா" என்றாள் கடைசியில். "கூப்பிடாத. வேல செய்யட்டும்."

ரம்லத்தின் கை நின்றது. வரிசையிலும் எங்கேயோ ஒரு ஜோடிக் கை அதே நேரத்தில் நின்றதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்க ஒரு கணம் போதும். அவள் திரும்பவில்லை. சல்லடையை மறுபடி தள்ளினாள்.